தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குளவி பிடிப்பவர்களுக்கு: புது இனமா என்று பார்த்து, விவரித்து, பதிவு செய்வது எப்படி

முதலில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காலி செய்த மாவுப்பூச்சிக்கு 1977ல் பினாகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வைத்தார்கள். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா, அப்படியென்றால் பூச்சியும் அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனவர்களுக்கு, அந்தக் கண்டத்தின் வடபகுதியில் பார்வைக்கு அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதன் ஒட்டுண்ணிகள் (பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் குளவிகள்) ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவில்லை. உற்றுப் பார்த்தால் அது வேறு இனம், 1981ல் அதற்கு ஹெரெனி என்று தனிப்பெயர் வந்தது. அதே ஆண்டு பராகுவேயில் உண்மையான மேனிஹோட்டி அகப்பட்டது, கூடவே அதற்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபெஸி என்ற குட்டிக் குளவியும். 2020ல் அந்த மாவுப்பூச்சி கேரளாவில் தென்பட்டு, அப்புறம் சேலம், நாமக்கல், தர்மபுரி என்று பரவியபோது, பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருந்து வயலில் விட ஆரம்பித்ததும் இதே குளவியைத்தான்.

இரண்டு பூச்சிகளை ஒன்று என்று நினைத்ததால் எவ்வளவு உழைப்பு வீணாகும் என்பதற்கு இதைவிட நம் வயலுக்குப் பக்கத்தில் உதாரணம் இல்லை. அதனால்தான் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள், விலங்கியல் வாத்தியார்கள், பூச்சி ஆர்வலர்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது: "புது இனம் கண்டுபிடிக்கணும்" என்று கிளம்பாதீர்கள். எந்தப் பூச்சியில் இருந்து, எந்தச் செடியில், எந்த ஊரில் வந்தது என்று திருத்தமாகத் தெரிகிற மாதிரிகளைச் சேருங்கள். வெப்பமண்டலக் குளவிகளில் பெயர் மட்டும் இருந்து வாழ்க்கை தெரியாதவைதான் அதிகம். புது இனம் இருந்தால் அந்தக் குவியலில் இருந்து தானாக மேலே வரும்.

எதைத் தேடுவது

குளவி என்றதும் ஓட்டுக்குக் கீழே கூடு கட்டும் செங்குளவியும், சுவரில் மண் பூசும் வேட்டுவக் குளவியும்தான் நினைவுக்கு வரும். அவை பெரியவை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று; பிங்ஹாம் 1897ல் இந்தியக் குளவிகள், தேனீக்கள் பற்றி வெளியிட்ட தொகுதியில் பலவற்றைப் பார்க்கலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புதியவை ஒளிந்திருப்பது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஒட்டுண்ணிக் குளவிகளில். மாந்தோப்பின் இலைக் கொப்புளம், கத்தரிக் காய்ப்புழு, தக்காளிச் செடியில் சுருளும் இலை, துவரைக் காய்க்குள் இருக்கும் ஈ, ஆல் அரசு அத்தியின் பழம், எல்லாவற்றிலும் அவை உண்டு. கல்யாண முருங்கை இலையும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யும் க்வாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற குளவிக்கே 2004ல்தான் பெயர் கிடைத்தது, சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் மாதிரிகளை வைத்து. அதே ஆண்டுதான் தைல மரத்தில் முடிச்சு போடும் லெப்டோசைப் இன்வாசாவுக்கும். ஊரெல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் பூச்சிக்கே இந்தக் கதை என்றால் சித்தேரி மலையிலும் மேலகிரியிலும் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பது

மஞ்சள் தட்டுப் பொறிதான் மலிவு. மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் (நுரை வரக் கூடாது, நீரின் மேற்பரப்பு இழுவிசை உடைந்தால் போதும்), காலையில் வரப்போரம் வைத்து மாலையில் எடுத்துவிடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் போடுங்கள். வெயில் காலத்தில் ஒரு ராத்திரி கூடுதலாக விட்டால் மாதிரி அழுகி உணர்கொம்பு கழன்றுவிடும். வலை வீசுவது புல்வெளிக்கும் ஓடையோரத்துக்கும் நல்லது. ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் பெயரால் வழங்கும் கூடாரப் பொறி காட்டில் பிரமாதமாக வேலை செய்யும், ஆனால் ஊருக்குள் வைத்தால் ஆடு மேய்ந்துவிட்டுப் போகும், இல்லையென்றால் துணியே காணாமல் போகும்.

காடு என்றதும் ஒன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு அல்லது சரணாலயம். காவேரி வடக்கு 2014லும் காவேரி தெற்கு 2022லும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கொசுவைக்கூடப் பிடிக்காதீர்கள். பட்டா நிலத்தில் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வைத்தால் போதும், பெரும்பாலும் டீயும் கொடுப்பார்கள்.

பொறியைவிட எனக்குப் பிடித்தது வளர்த்து எடுப்பது. "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பாட்டிமார் சொல்வார்களே, அது கண்ணால் பார்த்ததுதான்: மண்கூட்டுக்குள் புழு போகிறது, கொஞ்ச நாளில் குளவி வருகிறது. நடுவில் தாய்க்குளவி முட்டையிட்டதும், மயங்கிக் கிடந்த புழுவைக் குஞ்சு தின்றதும் மட்டும் கணக்கில் விட்டுப்போனது. நாம் செய்வதும் அதே கவனிப்புதான், சீசாவுக்குள். பாதிக்கப்பட்ட இலை, காய், முட்டைக்குவியல், எதுவாக இருந்தாலும் ஒரு சீசாவில் ஒரே வகைப் பூச்சி, அடியில் ஈரம் உறிஞ்ச டிஷ்யூ காகிதம், வாயில் மல் துணி, ரப்பர் பேண்டு. குளவி வெளிவந்த உடனே கொல்லாதீர்கள். ஒரு நாள் உயிரோடு விட்டால்தான் உடல் இறுகி நிறம் முழுதாக வரும். அவசரப்பட்டால் வெளிறிய, சுருங்கிய ஒன்றை வைத்துக்கொண்டு "மஞ்சள் வயிறு" என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது. மாவுப்பூச்சிக் கூட்டத்தை அப்படியே சீசாவில் போட்டால் மூன்று நான்கு வகைக் குளவி வரும், அதில் ஒன்று மாவுப்பூச்சியைத் தின்றது, இன்னொன்று அந்தக் குளவியின் புழுவைத் தின்றது, மூன்றாவது கூட்டத்துக்குள் இருந்த ஏதோ ஒரு பொறிவண்டின் புழுவில் இருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் "மாவுப்பூச்சியின் ஒட்டுண்ணி" என்று எழுதினால் அந்தப் பதிவு இல்லாமல் இருப்பதே மேல். ஒட்டுண்ணி ஏறிய மாவுப்பூச்சி பழுப்பாக, கெட்டியாக, உப்பி நிற்கும், மம்மி என்பார்கள். அதை ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் வெற்று ஜெலட்டின் கேப்சூலுக்குள் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டு வையுங்கள். வெளியே வந்த குளவியோடு அந்தக் காலி மம்மியையும் அதே அட்டையில் ஒட்டிவிடுங்கள், பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் சாட்சி அங்கேயே இருக்கும்.

அத்திக்கும் இதே மாதிரிதான். கனியும் தறுவாயில் இருக்கும் பழத்தைச் சீசாவில் வைத்தால் சிறகுள்ள பெண்ணும் சிறகில்லாத, வெளிறிய, எறும்பு போலவும் இல்லாத குளவி போலவும் இல்லாத ஆணும் வரும். தனித்தனியாகப் பிடித்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஆல்கஹால், அட்டை, சீட்டு

டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனால், குளிர்ப்பெட்டியில். இல்லையென்றால் 70 சதவீதம் போதும். தனியாளுக்கு எத்தனால் கிடைப்பது கஷ்டம், கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்துகொள்வதே வழி. அதுவரைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்துச் சமாளிக்கலாம். பார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ போய்விடும், உடலும் விறைத்துவிடும். சிறிய குளவியை ஆல்கஹாலில் இருந்து எடுத்து அப்படியே உலர்த்தினால் கண்ணும் வயிறும் ஒட்டிப்போகும். ஹெச்எம்டிஎஸ் என்ற திரவத்தில் முக்கி உலர்த்துவது வழக்கம், அதன் ஆவி நல்லதல்ல, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். பிறகு முக்கோண அட்டையின் நுனியில், தண்ணீரில் கரையும் பசையால், முகமும் முதுகும் வயிற்றின் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும். பூச்சி முட்டைக்குள்ளேயே வளர்ந்துவிடும் ட்ரைக்கோகிரம்மா குளவி அளவில் இருப்பவற்றை அட்டையில் ஒட்டிப் பயனில்லை, கனடா பால்சத்தில் ஸ்லைடு ஆக்க வேண்டும், அது உட்கார்ந்து ஒருவரிடம் பழகுகிற வேலை.

அடையாளச் சீட்டு பற்றித்தான் நான் அதிகம் கத்துவது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, எப்படிப் பிடித்தது, எந்தப் பூச்சி எந்தச் செடி, பிடித்தவர் பெயர், இவ்வளவும் ஆங்கில எழுத்தில், மாதம் மட்டும் ரோமன் எண்ணில், ஏனென்றால் 5-6 என்று எழுதினால் மேயா ஜூனா என்று அமெரிக்கக்காரன் குழம்புவான். மாவட்டப் பெயர் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு: ஓசூர் 1965 வரைக்கும் சேலம் மாவட்டம், அப்புறம் 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரியில் இருந்து கிருஷ்ணகிரி. பழைய மாதிரியில் "சேலம்" என்று மட்டும் இருந்தால் அது ஓசூரின் தொள்ளாயிரம் மீட்டர் மேட்டில் பிடித்ததா, அரூரின் வெக்கையில் பிடித்ததா என்று எந்த அறிஞராலும் சொல்ல முடியாது. போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, எழுதுவதற்கு என்ன வலிக்கிறது? ஆல்கஹாலுக்குள் போகும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் மை கரைந்து வெள்ளைக் காகிதம் மட்டும் மிஞ்சும்.

புதுசா இல்லையா

குடும்பம், பேரினம் வரை வருவதற்கு அடையாளத் திறவுகோல்கள் இருக்கின்றன. சால்சிட் என்ற பெரிய ஒட்டுண்ணிக் குளவிக் குழு என்றால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜான் நாய்ஸ் பல ஆண்டு உழைத்துத் தொகுத்த உலகத் தரவுத்தளம் முதல் நிறுத்தம். அதில் அனகைரஸ் அடங்கும் என்சிர்டிடே குடும்பத்துக்கு அலிகாரின் ஹயாத் 2006ல் கொண்டுவந்த இந்திய நூல் இல்லாமல் நகரவே முடியாது. கோழிக்கோட்டில் நரேந்திரனும் அவர் மாணவர்களும் விவரித்த இனங்கள் ஏராளம். உங்கள் குளவியின் பேரினத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பெயர் பெற்ற எல்லா இனங்களையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றையும்தான். குறுக்கு வழி கிடையாது.

வாசிக்கும்போது பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். மேலே சொன்ன லோபெஸியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1964லேயே பெயர் பெற்றது, ஆனால் ஆப்பிரிக்க வேலை நடந்த காலத்துக் கட்டுரைகளில் எபிடினோகார்சிஸ் லோபெஸி, வேறு சிலவற்றில் அப்போஅனகைரஸ், இப்போது அனகைரஸ். ஒரே பூச்சி, மூன்று பேரினப் பெயர். இப்போதைய பெயரை மட்டும் தேடினால் பாதி இலக்கியம் கண்ணில் படாது.

இன்னொரு தலைவலி, பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகள். பீட்டர் கேமரன் போன்றவர்கள் இந்தியக் குளவிகளை நூற்றுக்கணக்கில் விவரித்தார்கள், பலவற்றில் நிறத்தையும் நீளத்தையும் தவிர உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. அதை மட்டும் வைத்து "ஒத்துப்போகவில்லை, ஆகவே புதுசு" என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரியின் படத்தையாவது பார்க்க வேண்டும். அருங்காட்சியகக் காப்பாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் பலர் படம் எடுத்து அனுப்புகிறார்கள், தாமதமாகலாம்.

நிறத்தையும் அளவையும் நம்பாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. ஒட்டுண்ணிக் குளவியின் உடல் அளவு அது தின்ற பூச்சியின் அளவைப் பொறுத்தது, சின்ன மாவுப்பூச்சியில் வளர்ந்தது சின்னதாகத்தான் இருக்கும். குளிர் மாதத்தில் வருவது கறுப்பு கூடி இருக்கலாம். விகிதங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறாது: உணர்கொம்புக் கணுக்களின் நீள அகலம், உச்சந்தலையில் இருக்கும் ஒற்றைக் கண்களுக்கு இடையே உள்ள தூரம், முன்சிறகு நரம்புகள் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு, முட்டையிடும் ஊசி வயிற்றைத் தாண்டி எவ்வளவு நீட்டியிருக்கிறது. ஒரே ஒரு மாதிரி மட்டும் இருந்தால் காத்திருங்கள், அதே தோப்புக்கு அடுத்த பூப்பருவத்தில் போங்கள். ஐந்தாறு பெண்ணாவது அளந்த பிறகு எந்த விகிதம் நிலையாக நிற்கிறது என்று தானே தெரியும்.

டிஎன்ஏ வரிக்குறி எடுக்க ஒரு காலைக் கழற்றி அனுப்பினால் போதும், சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டை ஒப்பிடுவார்கள். உதவும், மறுக்கவில்லை. 2021ல் கோஸ்டாரிகாவின் ப்ரகோனிட் என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தில் 403 புது இனங்களை, பெரும்பாலும் வரிக்குறியையும் ஒரு பக்கவாட்டுப் படத்தையும் மட்டும் வைத்து ஒரே கட்டுரையில் விவரித்தார்கள், வகைப்பாட்டாளர்கள் நடுவில் பெரிய சண்டை ஆயிற்று. வேகம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி: இங்கே பழைய பெயர்கள் குவிந்து கிடக்கின்றன, அந்த மூல மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு வரிக்குறியே கிடையாது, நீங்கள் எழுத்துச் சரத்தை மட்டும் கொடுத்தால் அது 1900ல் விவரித்த அதே குளவியா என்று யார் சரிபார்ப்பது? தவிர, பாலக்கோட்டில் கைலென்ஸோடு நிற்கும் பையனுக்கு அந்தச் சரத்தால் என்ன பயன்?

எழுதுவது

வேறுபாட்டுக் குறிப்பு, முழு விவரிப்பு, இரண்டும் வேறு. முதலாவதில் இந்த இனத்தை அதன் மிக நெருங்கிய உறவில் இருந்து பிரிக்கும் மூன்று நான்கு பண்புகள் மட்டும், எதிரும் புதிருமாக. அதைத்தான் எல்லோரும் வாசிப்பார்கள், அதில்தான் மண்டையை உடைக்க வேண்டும். "தலை கறுப்பு, கால் மஞ்சள், உறவினத்தில் இருந்து வேறுபட்டது" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று அர்த்தம். கற்பனையாக ஒன்று சொல்கிறேன், இந்த மாதிரி இருக்க வேண்டும்: "பெண்ணின் உணர்கொம்பு அடிக்கணு நீளம் அகலத்தைப் போல் 4.5 மடங்கு (நெருங்கிய இனத்தில் 3.2), உணர்கொம்பு நடுத்தண்டின் முதல் கணு நீண்டது (நெருங்கிய இனத்தில் சதுரம்), முன்சிறகின் நடுவில் புகைப்பட்டை இல்லை (அதில் உண்டு)." படித்த எவரும் தன் கையில் இருப்பதை வைத்து ஆம் இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.

முழு விவரிப்பில் தலை, நடு உடல், சிறகு, கால், வயிறு என்று வரிசை தவறாமல் போங்கள். குளவியில் வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிவிடுவதால் வெறும் "மார்பு" என்று எழுதாமல் நடு உடல் என்று எழுதுவதே சரி. ஆணின் வேறுபாடுகள் தனியாக. படங்கள் முகம், உணர்கொம்பு, பக்கவாட்டு, முதுகு, சிறகு, ஒவ்வொன்றிலும் அளவுக்கோடு. நுண்ணோக்கிக் கண்ணாடியில் போனை வைத்து, கூர்மையை நகர்த்தி நகர்த்தி எடுத்து, மென்பொருளில் அடுக்கினால் நன்றாகவே வரும்.

பெயரைக் கடைசியாக யோசியுங்கள். அதே பேரினத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கக் கூடாது, பெயரடையாக வைத்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும், ஊர்ப் பெயர் என்றால் பெரும்பாலும் என்சிஸ் அல்லது என்சே என்று முடியும். உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ள விதி தடை சொல்லவில்லை, ஊர் சிரிக்கும், அவ்வளவுதான்.

விலங்கியல் பெயரிடல் விதி 1999க்குப் பிறகு வருகிற எந்தப் புது இனத்துக்கும் இரண்டைக் கறாராகக் கேட்கிறது: புது இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மூல மாதிரி எது, எந்தச் சேகரத்தில் இருக்கும் என்று எழுத வேண்டும். ஹோலோடைப் என்பது ஒரே ஒரு மாதிரி, முடிந்தவரை முழுசாக இருக்கும் பெண்ணைத் தேர்ந்தெடுங்கள், மற்றவை பாராடைப். மின்னிதழ் என்றால் 2012 திருத்தப்படி ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் இணையத்தில் பதிவு செய்து அந்த எண் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் போடும் இதழ்களில் இதெல்லாம் பார்க்கமாட்டார்கள், உங்கள் பெயர் செல்லாமல் போகும். ஜூடாக்ஸா, ஜூகீஸ், கோவையில் இருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா போன்றவற்றைப் பாருங்கள். கட்டுரை வரும் வரைக்கும் பெயரை ஆய்வேட்டிலோ வாட்ஸ்அப்பிலோ செய்தியாளரிடமோ விடாதீர்கள்.

புது இனம் இல்லை என்று தெரிந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெயர் தெரிந்த குளவி, மாவட்டத்தில் முதல் பதிவு, புது விருந்தோம்பிப் பூச்சி (குளவி எதில் வளர்கிறதோ அது), அதுவும் சின்னக் கட்டுரைதான், மாதிரி மட்டும் ஒரு சேகரத்தில் இருக்க வேண்டும்.

மாதிரிகளை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள், புத்தகப் பேனும் எறும்பும் விட்டுவைக்காது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் சட்டமே புது இனத்தை அறிவித்து மாதிரியை அரசு குறிப்பிட்ட களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஹோலோடைப்பைப் பெங்களூரு பணியகத்துக்கோ, இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கோ கொடுங்கள். பாராடைப்புகளைப் பிரித்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், ஒன்று எரிந்தாலும் இன்னொன்று இருக்கும். வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதென்றால் முதலில் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து உரிய அனுமதி வாங்குங்கள், "சும்மா ரெண்டு பூச்சிதானே" என்று கவரில் போடாதீர்கள். ஓசூரில் இருந்து பெங்களூரு பேருந்தில் கொஞ்ச நேரம்தான், ஹோலோடைப்பைக் கூரியரில் விடாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பதிவு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள், அந்த எண்ணைக் கட்டுரையின் கடைசித் திருத்தத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.